அல்லியைப் பறிக்கும் முன் ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

நலம். உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை கிடைத்ததும், தொட்டியில் நீ வைத்த அல்லி பூத்துவிட்டதும் படித்து மகிழ்ந்தேன். முதல் பூ விரிந்த கையோடு ‘இதை மருந்தாக்கலாமா’ என்று கேட்கிறாயே, நீ மாறவே இல்லை! அக்காவுக்கு உடல் சூடும் வெள்ளைப்படுதலும் இருக்கிறது, சர்க்கரைக்கும் இரும்புச்சத்துக்கும் மாத்திரை எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். அதை வைத்தே பதில் சொல்கிறேன். அல்லி சாதுவான செடிதான். அது வேரோடிய தண்ணீரும், அதன் பெயரைச் சொல்லி விற்கப்படும் பொட்டலங்களும் அவ்வளவு சாது இல்லை.

முதலில் உன் தொட்டியில் இருப்பது அல்லிதானா என்று பார். அல்லி இலை நீர்மேல் படிந்து மிதக்கும். காம்பு சேரும் இடம் வரை ஒரு பிளவு ஓடும். தாமரை இலையில் பிளவு கிடையாது, முற்றிய இலை தண்ணீரை விட்டு எழுந்து நிற்கும். இரண்டும் குடும்பத்தாலேயே வேறு; தாமரைக்குச் சொன்ன அளவையும் பக்குவத்தையும் அல்லிக்கு மாற்றிப் போடாதே. இலையைத் திருப்பியும் பார். அடியில் மெல்லிய ரோமமும், ஓரத்தில் கூரான பற்களும் இருந்தால் இரவில் மலர்ந்து முற்பகலில் கூம்பும் வெள்ளை அல்லது செவ்வல்லி இனமாக இருக்கலாம். அடி வழவழப்பாக இருந்து, பகலில் நீலப்பூ விரிந்தால் நெய்தல் என்றும் குவளை என்றும் சொல்லும் நீல அல்லி. நர்சரியில் விற்கும் பல வண்ணக் கலப்பினங்களை அழகுக்கு மட்டும் வைத்துக்கொள். எந்தெந்த இனத்தின் கலப்பு என்று தெரியாது. வேரடியில் உரமாத்திரை புதைத்திருப்பார்கள், பாசிக்கு மயில்துத்தம் போட்டிருப்பார்கள், பூச்சிமருந்தும் அடித்திருப்பார்கள்.

மருந்துக்கு எடுப்பது இதழ், கிழங்கு, விதை, இலை. எல்லாவற்றுக்கும் பொதுவான குணம் துவர்ப்பு. அந்தத் துவர்ப்பைத் தருவது டானின். டானின் புரதத்தோடு கூடிச் சவ்வின் மேற்பரப்பை இறுகச் செய்யும், கசிவு குறையும். கழிச்சல், இரத்த மூலம், வெள்ளை, பெரும்பாடு (மாதவிலக்கில் மிகுதியாக இரத்தம் போவது) என்று சித்த மருத்துவம் அல்லியைச் சொல்லும் இடங்களைப் பார், பெரும்பாலும் ஏதோ ஒன்று அளவுக்கு மீறி வெளியேறும் நோய்களாகவே இருக்கும். இதழில் டானின் கிழங்கைவிட மென்மையாக வேலை செய்யும். வீட்டில் கை வைப்பதானால் இதழோடு நிறுத்திக்கொள்.

பறிக்கும்போது ஒன்று கவனி. முதல் நாள் விரிந்த பூவின் நடுக்குழியில் பளபளவென்று கொஞ்சம் நீர் நிற்கும். பூச்சிகள் அதில் வழுக்கி விழுந்து செத்துக் கிடக்கும். அடுத்த நாள் அந்த நீர் வற்றி, மகரந்தம் உதிரத் தொடங்கும். எந்த நாள் பூவானாலும் முழுசாகக் கொதிக்கும் நீரில் போடாதே. கவிழ்த்து உதறி, இதழ்களை மட்டும் பிரித்து, இரண்டு மூன்று நீரில் அலசு. தடித்த அடிப்பகுதியையும் மகரந்தத் தாள்களையும் எறிந்துவிடு. இதழ் காய்ந்த பிறகும் அந்த அடிப்பகுதி உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். டப்பா முழுக்கப் பூஞ்சை பிடிக்க அது ஒன்று போதும். சுத்தமான துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோட்டமான நிழலில் காயவை. வெயிலில் போட்டால் நீலம் வெளுத்துவிடும். விரலில் எடுத்து நசுக்கினால் நொறுங்க வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் காயவில்லை. கண்ணாடிப் புட்டியில் தேதி எழுதி, இருட்டான இடத்தில் வை. ஆறு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. புட்டியைத் திறந்ததும் மக்கல் வாடை வந்தால் அப்படியே குப்பைக்கு.

குடிநீருக்கு, அதாவது கஷாயத்துக்கு, உலர்ந்த இதழ் 5 கிராம், தண்ணீர் 200 மில்லி. சிறு தீயில் பாதியாக வற்றவைத்து வடிகட்டி, அன்றே குடித்து முடித்துவிட வேண்டும். ஒரு நாளைக்கு இதற்கு மேல் வேண்டாம். அக்காவுக்கு இதில் பாதியில் தொடங்கு. பாத்திரம் எவர்சில்வர், கண்ணாடி, மண்சட்டி ஏதாவது இருக்கட்டும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் டானினும் இரும்பும் சேர்ந்து கஷாயம் மை போலக் கறுத்துவிடும். வயிற்றுக்குள்ளும் இதே சேர்க்கைதான் நடக்கும்: அக்கா இரும்பு மாத்திரையோடு இதைக் குடித்தால் டானின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடலில் சேராது. பெரும்பாட்டில் இரத்தம் குறைந்தவருக்கு இது உதவி செய்வதுபோல் வந்து கெடுதல் செய்யும். குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடச் சொல். வேறு மாத்திரைகளுக்கும் அதே இடைவெளி நல்லது.

அல்லிப்பூ மணப்பாகு வேண்டும் என்று கேட்டிருந்தாய். 250 கிராம் புது இதழை ஒரு லிட்டர் நீரில் இட்டு 500 மில்லியாக வற்றவைத்து வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்துப் பாகாக்கினால் எடையில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை நிற்கும். ‘தித்திப்பு அதிகம்’ என்று சர்க்கரையைக் குறைத்தால் சில நாளில் நுரைத்துப் புளித்துவிடும். அங்கே கெடாமல் காப்பதே சர்க்கரைதான். ஆனால் இது அக்காவுக்குக் கிடையாது. 15 மில்லி மணப்பாகிலேயே சுமார் 13 கிராம் சர்க்கரை இருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு அல்லியே மருந்து என்று யாராவது சொல்வார்கள். நீல அல்லிப் பூவிலிருந்து நிம்பயால் என்ற பொருளைப் பிரித்து, சர்க்கரை நோய் உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் இரத்தச் சர்க்கரை குறைந்தது உண்மை. எலிக்குக் கொடுத்த பொருளை வைத்து மனிதருக்கு அளவு சொல்ல முடியாது. மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை மிகவும் இறங்கிவிடும் வாய்ப்பும் இருக்கிறது. குடிக்கும் நாட்களில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சோதித்துப் பார்க்கட்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தவே கூடாது. நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை கொடுத்துவிட்டு மற்றதைப் பேசு.

கிழங்கைப் பற்றி. அது சேற்றுக்குள்ளேயே கிடந்து வளர்வது. கழிவுநீர் கலக்கும் குளமாக இருந்தால் ஈயம், காட்மியம், ஆர்சனிக் எல்லாம் அடிச்சேற்றில் தங்கும். நீர்த்தாவரங்கள் அவற்றை உறிஞ்சி வேர்ப்பகுதியில் அதிகமாகச் சேர்த்து வைக்கும். எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் உலோகம் போகாது. பச்சைப் பெயின்ட் ஊற்றியதுபோல் நீலப்பச்சைப் பாசி படர்ந்த நீரில் உண்டாகும் நச்சும் கொதியில் அழிவதில்லை. கொதியில் சாவது கிருமியும் புழுவும்தான். அதற்காகவே சொல்கிறேன், குளத்துத் தண்டையோ காயையோ பச்சையாகக் கடிக்காதே, தோலைப் பல்லால் உரிக்காதே. குடல் தட்டைப்புழுவின் கூடுகள் நீர்த்தாவரங்களின் மேல் ஒட்டியிருந்து அப்படித்தான் வயிற்றுக்குள் போகின்றன. கிழங்குச் சூரணம் அளவு மீறினால் மலச்சிக்கலும் வயிற்றுவலியும் வரும். தேவைப்பட்டால் பதிவு பெற்ற சித்த மருத்துவர் பார்த்துக் கொடுக்கட்டும். கடையில் உலர்ந்த கிழங்கைத் துண்டுகளாக வாங்கிவராதே. துண்டு போட்டபின் எது என்ன கிழங்கு என்று கண்ணால் பிரிக்க முடியாது, செங்காந்தள் கிழங்கு ஒரு துண்டு கலந்தாலும் உயிருக்கே ஆபத்து.

இணையத்தில் ‘ப்ளூ லோட்டஸ்’ என்று விற்பது வேறு கதை. பெயர்தான் தாமரை, செடி எகிப்திய நீல அல்லி. அதில் நியூசிஃபெரின் என்ற ஆல்கலாய்டு (செடியில் உண்டாகும் ஒரு வகை வேதிப்பொருள்) இருக்கிறது. மூளையில் டோபமின் என்ற செய்திப்பொருள் வந்து சேரும் ஏற்பிகளைத் தொடும். தேநீராகவும், புகையாகவும், மின்சிகரெட் திரவமாகவும் எடுத்தவர்கள் மயக்கம், குழப்பம், படபடப்போடு அவசரப் பிரிவுக்கு வந்த பதிவுகள் உண்டு. ரஷ்யா, போலந்து, லாட்வியாவில் தடை. அமெரிக்கப் படையினருக்கும் அனுமதி இல்லை. செறிவூட்டிய சாறு, பிசின் என்றெல்லாம் வரும் பொட்டலங்களில் பூவில் இல்லாதவையும் கலந்திருக்கலாம். தூக்க மாத்திரையோ மதுவோ உடன் சேர்ந்தால் இன்னும் மோசம். உன் மகனிடமும் இதைச் சொல்லி வை, அந்த வயதுக்காரர்களைக் குறிவைத்தே விளம்பரம் செய்கிறார்கள்.

இனி அக்கா. கசிவு நிறமில்லாமல், வாடையில்லாமல், அரிப்பில்லாமல் இருந்தால் அது இயல்பாகவே இருக்கலாம், மருந்தே தேவைப்படாது. தயிர்த்திப்பி போலவோ, மஞ்சளாகவோ பச்சையாகவோ, மீன்வாடையோடோ வந்தால், அடிவயிற்றில் வலி இருந்தால், அது தொற்றாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும். அல்லி கசிவைக் கொஞ்சம் அடக்கிக் காட்டும், தொற்று உள்ளேயே இருக்கும். குடிநீரால் உட்புறம் கழுவுவதும் கூடாது. நல்ல கிருமிகள் அழிந்து தொற்று மேலே ஏறும். மாதவிலக்கு நின்றபின் துளி இரத்தம் பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும், கருப்பைப் புற்றுக்கு அது முதல் அறிகுறியாக இருக்கலாம். ஒரு மணிக்கொரு அணையாடை நனையும் அளவுக்குப் போக்கு இருந்தால் குடிநீர் காய்ச்ச நேரமில்லை, மருத்துவமனைக்குப் போ. கழிச்சலுக்கும் இதே கணக்குதான்: முதலில் உப்புச்சர்க்கரைக் கரைசல், இரத்தமோ காய்ச்சலோ சேர்ந்தால் மருத்துவர். கர்ப்பிணிக்கும், பாலூட்டுபவருக்கும், சிறு குழந்தைக்கும் கொடுக்காதே.

இதெல்லாம் கேட்டு மிரண்டுவிடாதே. மற்ற எல்லாம் சரியாக இருந்து, மருத்துவரும் ஒப்புக்கொண்டால், இதழ்க் குடிநீரை ஐந்தாறு நாள் குடித்துப் பார்க்கலாம். பலன் தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டாதே, நிறுத்திவிடு. உடலில் தடிப்போ அரிப்போ வந்தால் அன்றே நிறுத்து.

இலையின் அடிப்பக்கமும் முழுப்பூவும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பு. தொட்டிக்கு எந்தத் தண்ணீர் விடுகிறாய், உரம் என்ன போட்டாய் என்பதையும், அக்கா சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுது. அதுவரை பூ தொட்டியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்