உன் பத்து லட்சத்தை ஏன் வேண்டாம் என்றேன்

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்கும்படி ஜெபிக்கிறேன்.

நம்ம கோவில் கட்டட நிதிக்கு நீ தருவதாகச் சொன்ன பத்து லட்சத்தை நான் வேண்டாம் என்றதும், ஞாயிற்றுக்கிழமை போனில் நீ அழுதுவிட்டாய். "ஊர் முழுக்கப் போய்க் கேட்டு வாங்குகிறீர்கள், பெற்ற பிள்ளை கொடுத்தால் மட்டும் வேண்டாமா அம்மா?" என்றாய். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ கனடா குடியுரிமை வாங்கிவிட்டாய். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும், நன்கொடை என்று வரும்போது உன் பணம் வெளிநாட்டுப் பணம்தான். எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி உள்ள அமைப்புதான் அதை வாங்கலாம். 2020-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அந்தப் பணம் டெல்லியில் ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் இருக்கிற கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நம்ம கட்டட நிதிக் கணக்கோ பக்கத்து டவுனில் இருக்கிற சாதாரணக் கணக்கு. மஸ்கட்டில் இருக்கும் உன் அண்ணன் இன்னும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிறான், தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை அவன் பாங்க் வழியாக அனுப்பினால் தடையில்லை. ஒரே வயிற்றில் பிறந்த உங்கள் இரண்டு பேருக்கும் இரண்டு விதியாக இருப்பது எனக்கும் வேதனைதான்.

"உங்கள் கணக்குக்கு அனுப்புகிறேன், நீங்கள் உங்கள் பேரில் போட்டுவிடுங்கள்" என்றாய். நடுவில் யார் கைக்கு வந்து போனாலும் அது வெளிநாட்டுப் பணம்தான் என்கிறது சட்டம். சட்டம் அப்படிச் சொல்லாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். ரசீதில் என் பேரை எழுதி, உள்ளே உன் பணத்தை வைத்தால் அது பொய்க் கணக்கு. நம்ம சபைகளுக்கெல்லாம் தலைமையான பேராயம் வழியாக முறையாக வாங்க முடியுமா என்று கேட்டு குருவானவர் எழுதியிருக்கிறார். பதில் வரும்வரை பணம் உன்னிடமே இருக்கட்டும்.

நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் தெரியுமா? நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கோபுரம் கட்ட ஒரு வசூல் நடந்தது. பாதிப் பேருக்கு ரசீது கிடைக்கவில்லை, கணக்கும் வாசிக்கவில்லை. கோபுரமும் வரவில்லை. யாராவது எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் தடவை நானும் அப்பாவும் ஏறிய முதல் வீட்டிலேயே, "டீச்சர், அன்றைக்குக் கொடுத்தது என்ன ஆச்சு?" என்றுதான் கேட்டார்கள். இருபது வருஷம் கழித்தும் அந்தக் கேள்வி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் இப்போது ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வரவு செலவை நானே வாசிக்கிறேன். ஐம்பது ரூபாய்க்கும் ரசீது உண்டு.

இன்ஜினியர் போட்ட மதிப்பீடு 1 கோடியே 80 லட்சம். நம்ம சபையில் 240 குடும்பம். முதல் கூட்டத்திலேயே ஒருவர் வகுத்துப் பார்த்து, "தலைக்கட்டுக்கு 75,000 வரி போட்டால் முடிந்தது" என்றார். நான் எழுந்து நின்று வேண்டாம் என்றேன். பீடி சுற்றுகிற வீட்டுக்கும் டாக்டர் வீட்டுக்கும் ஒரே வரி போட்டால், ஒருத்தருக்கு அது கடன், இன்னொருத்தருக்கு அது சில்லறை. வரியைக் கட்ட முடியாதவர்கள் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் யாருக்காகக் கட்டுகிறோம்?

அதனால் பொருத்தனை அட்டை அச்சடித்தோம். மூன்று வருஷத்துக்குள், 36 மாதத்தில், இவ்வளவு தருகிறேன் என்று அவரவர் ஜெபித்து எழுதித் தருகிற வாக்கு அது. முதலில் கமிட்டியில் இருக்கிற 11 பேரும் எழுதினோம். நாம் எழுதாமல் அடுத்தவர் வீட்டில் போய் எப்படிக் கேட்பது? என் பென்ஷனிலிருந்து நானும் அப்பாவும் 3 லட்சம் எழுதினோம். அதற்குப் பிறகுதான், அதிகம் கொடுக்க முடிந்த குடும்பங்களை இரண்டிரண்டு பேராகப் போய்ப் பார்த்தோம். சென்னைக்கும் மதுரைக்கும் பஸ் ஏறினோம். மைக்கில் கேட்டால் நூறு ரூபாய் நோட்டு விழும். வீட்டில் உட்கார்ந்து, அவர்களுடைய தாத்தா இந்தக் கோவிலில் எந்த இடத்தில் உட்காருவார் என்று பேசினால் மனசு திறக்கும். எழுதிய தொகையில் பாதிக்கு மேல் 15 குடும்பங்களிலிருந்துதான் வந்திருக்கிறது.

ஆனாலும் என் மனசில் நிற்பது வேறொரு அட்டை. நம்ம தெருக் கடைசி வீட்டில் பீடி சுற்றுகிற அக்கா மாதம் 200 ரூபாய் எழுதினாள். நான் குறைத்து எழுதச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆண்டவருக்கு நான் கொடுக்கிறதைக் குறைக்க நீங்கள் யார் டீச்சர்?" என்றாள். வெட்கப்பட்டு வந்தேன். இதுவரை ஒரு மாதமும் தவறவில்லை.

இப்போது பொருத்தனை 1 கோடியே 31 லட்சம். கையில் வந்தது 46 லட்சம். இரண்டும் ஒன்றல்ல என்று கமிட்டியில் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கையில் 60 லட்சம் சேர்ந்த பிறகுதான் அஸ்திபாரம். கோபுரம் கடைசியில்தான். சிலருக்கு அவசரம். இடையன்குடி ஆலயத்தைக் கால்டுவெல் 1847-ல் தொடங்கி, 1880-ல்தான் பிரதிஷ்டை செய்ய முடிந்தது. 33 வருஷம். உன்னை அங்கே கூட்டிப்போனது ஞாபகம் இருக்கிறதா? ஜன்னல் வளைவுகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாய்.

அப்புறம், ஆச்சி பேரில் கல்வெட்டு. நீ ஆசைப்பட்டது எனக்குப் புரிகிறது. ஆனால் தொகையைப் பார்த்து யார் பேரையும் சுவரில் பொறிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டோம். ஆச்சி ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும் முன் ஒரு கைப்பிடி எடுத்து அந்த மண்பானையில் போடுவாள், ஞாயிற்றுக்கிழமை மடியில் கட்டிக்கொண்டு கோவிலுக்குக் கொண்டுபோவாள். வீட்டில் அரிசி பற்றாத நாளிலும் அந்தப் பிடி குறையாது. அந்தப் பானையில் இப்போது நான் போடுகிறேன். கைப்பிடி அரிசியைப் பெண்கள் ஐக்கிய சங்கம் மறுபடி தொடங்கியிருக்கிறது. வாரம் 60 கிலோ வருகிறது. கொஞ்சம் அசனத்துக்கு, அதாவது சபையார் சேர்ந்து சாப்பிடும் விருந்துக்கு, ஒதுக்கிவிட்டு மீதியை விற்று நிதியில் சேர்க்கிறோம்.

உன்னிடம் நான் கேட்க ஒன்று இருக்கிறது. நீ கணக்குப் படித்தவள். பொருத்தனை எழுதியவர்கள், கட்டியது, பாக்கி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி எனக்குக் கண் வலிக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு அட்டவணை போட்டுத் தா. வாசலில் ஒட்டுகிற தாளில் யார் பேரும் வேண்டாம், மொத்த வரவும் செலவும் கையிருப்பும் மட்டும் போதும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி எடுத்து வராதவர்களும் நின்று படிக்க வேண்டும். இந்த மாதக் கடைசி ஞாயிறுக்குள் அனுப்ப முடியுமா?

அன்புடன்,
அம்மா