டப்பாவைத் தூக்கச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள ஐயாவுக்கு,

போனில் நீ சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். கிரைண்டர் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. அதனால் எழுதுகிறேன்.

"எல்லாரும் ஸ்கேன் பண்ணித்தானே காசு போடுறாங்க, இத்தனை சில்லறைக் காசு டப்பா எதுக்கு? மொத்தமா பேங்க்ல போட்டுடும்மா" என்றாய். தாராவியில் ஒரே ரூமில் மாவு, பாத்திரம், ஆள் எல்லாம் கிடக்கும்போது அந்த டப்பாக்கள் உன் கண்ணை உறுத்துவது நியாயம்தான். ஆனால் அது சேமிப்பு இல்லை ஐயா, சரக்கு. அரிசி, உளுந்து மாதிரி தீரத் தீர நிரப்புவது.

எந்தக் காசு ஓடும், எது படுக்கும் என்பது விலையைப் பொறுத்தது. அப்பா விற்கும் இட்லி பிளேட் 25 ரூபாயாக இருந்தவரை அஞ்சு ரூபாய்க் காசு வீட்டில் தங்கியதே இல்லை. 30 கொடுப்பவர்களுக்குத் திருப்பித் தரவே சரியாக இருக்கும். விலையை 30 ஆக்கினோம், அது அப்படியே நின்றுவிட்டது. 2025 மே மாதம் நம் ஊர் பெஸ்ட் டவுன் பஸ்ஸில் குறைந்தபட்ச டிக்கெட்டும் 5-லிருந்து 10 ஆனது, அந்த வழியும் அடைபட்டது. ஒரு ரூபாய் இதற்கு நேர் எதிர். அதே வருஷம் பிப்ரவரியிலிருந்து ஆட்டோ மீட்டர் 26-லும் டாக்ஸி மீட்டர் 31-லும் தொடங்குகிறது. அப்பாவிடம் சாப்பிட வரும் டாக்ஸிக்காரர்கள் "அண்ணா, சுட்டா ஹை க்யா?" என்று சில்லறை இருக்கிறதா எனக் கேட்டுவிட்டுத்தான் பிளேட்டையே கையில் வாங்குகிறார்கள். அந்த டப்பாவை நான் பேங்க்குக்குக் கொடுப்பேனா?

உன் ரூமிலும் ஒரு பாட்டில் நிறையக் கலந்து கிடக்கிறது என்றாயே, அதைப் பிரிக்கும்போது கவனம். 2011-ல் வந்த வரிசையில் ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டர். 2019-ல் அறிவித்த புது வரிசையில் ரெண்டு ரூபாய் 23. அவசரத்தில் கை ஏமாந்துவிடும், எண்ணைப் பார்த்தே பிரி. எடை போட்டு எண்ணிவிடலாம் என்றும் நினைக்காதே. அஞ்சு ரூபாயில் பழைய தடிக்காசு 9 கிராம், 2011 வரிசை மஞ்சள் காசு 6 கிராம். 20 ரூபாய்க்கு 12 பட்டை இருப்பதால் தொந்தரவே இல்லை.

அப்பா கொண்டுவரும் காசில் சட்னி ஒட்டியிருக்கும். சோப்புத் தண்ணீரில் அலசி, துணியில் பரப்பி, ஃபேனுக்கு அடியில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் டப்பாவை மூடுவேன். மழைக்காலத்தில் ஈரத்தோடு மூடினால் அடுத்த முறை திறக்கும்போது மூக்கைப் பொத்த வேண்டும்.

சரி, நீ சொன்னதற்காக அஞ்சு ரூபாயை மட்டும் பேங்க்கில் கட்டுகிறேன். நூறு நூறாக பாலிதீன் பையில் போட்டுக் கொடுத்தால் வசதி என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. எந்தக் கிளையும் காசு வேண்டாம் என்று திருப்பி அனுப்பக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. கவுன்டரில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கடைகளில் மட்டும் அப்படிக் கேட்க முடியாது. ஒரே தடவையில் 1000 ரூபாய்க்கு மேல் காசாக நீட்டினால் வாங்கியே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை.

மேலே பரணில் இருக்கும் சின்னத் தகர டப்பாவை நான் தொடவில்லை. நாலணாவும் அதற்குக் கீழே உள்ளதும் 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போய்விட்டன. எட்டணா சட்டப்படி இன்னும் செல்லும், அதை எந்தக் கடைக்காரரிடம் போய்ச் சொல்ல! காசில் வருஷத்துக்குக் கீழே டைமண்ட் இருந்தால் நம் பம்பாய் மின்ட்டில் அடித்தது, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்தில் அடித்தது என்று அதையெல்லாம் பிரித்து வைத்தவன் நீதான். இப்போது என்னிடம் டப்பா எதுக்கு என்று கேட்கிறாய்.

அஞ்சு ரூபாயைக் குறைக்க அப்பா வேறொரு வழி சொல்கிறார். பிளேட்டை 35 ஆக்கிவிடலாமாம். தேங்காய் விற்கிற விலைக்கு அதுவும் நடந்துவிடும் போலிருக்கிறது.

பொங்கலுக்கு வரும்போது உன் பாட்டிலில் உள்ள ஒரு ரூபாய்க் காசை எல்லாம் கொண்டு வா. மற்றதை பெங்களூரிலேயே செலவழித்துக்கொள்.

அம்மா