பெயர் மாறிய கப்பல்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. முட்டி வலி குறைந்ததில் சந்தோஷம். எனக்குக் கண் ஆபரேஷன் முடிந்து, மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டேன். எடுத்தவுடன் நம் பழைய சண்டைதான், 1660: இங்கிலாந்தில் ராஜாவை வீழ்த்தி ஆண்ட கிராம்வெல் செத்தபின், அந்த ராஜாவின் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணைக்குத் திரும்பிய வருஷம். விடுதி மொட்டைமாடியில் நீ கிராம்வெல் கட்சி, நான் ராஜா கட்சி. ஞாபகம் இருக்கிறதா?

இப்போது கொஞ்சம் உன் பக்கம் சாய்ந்திருக்கிறேன். சிரிக்காதே.

ஹாலந்திலிருந்து இரண்டாம் சார்லஸை ஏற்றிவரப் போன கப்பலின் பெயர் நேஸ்பி. 1645இல் அவன் அப்பாவின் படை மண்ணைக் கவ்விய ஊர் அது. ராஜா ஏறிய அன்றே ‘ராயல் சார்லஸ்’ என்று மாற்றிவிட்டார்கள். கூட்டிவந்த தளபதி மாண்டேகுவும் கிராம்வெல்லின் ஆளாக இருந்தவர்தான்! இப்படி ஆளுக்கு ஆள் பெயரை மாற்றிக்கொள்ள, செத்துப் புதைத்த கிராம்வெல்லை மட்டும் 1661இல் தோண்டியெடுத்துத் தூக்கில் மாட்டினார்கள்.

18 வருஷம் பூட்டிக் கிடந்த நாடகக் கொட்டகைகள் திறந்தன. பெண்கள் மேடையேறினார்கள், ஸ்திரீபார்ட் பையன்கள் பிழைப்பில் மண் விழுந்தது. கொட்டகையைப் பூட்டியது உன் ஆட்கள், அதை நான் விடமாட்டேன்.

என்னை உறுத்துவது வேறு. ஊர் திரும்புமுன் ஹாலந்துப் பக்கத்துப் பிரெடா நகரத்திலிருந்து ராஜா வாக்குக் கொடுத்தான், மதக் கருத்துக்காக யாரையும் தொந்தரவு செய்வதில்லை என்று. அவனுக்கு மனசு இருந்திருக்கும், பார்லிமென்ட் விடவில்லை. அதில் இருந்தவர்கள் கிராம்வெல் காலத்தில் அடி வாங்கியவர்கள் அல்லவா? 1662இல் அரசு சொன்ன வழிபாட்டு நூலை ஏற்காத போதகர்கள் வேலையிழந்தார்கள். முந்தின இரண்டு வருஷத்தில் போனவர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 2,000 பேர். 1664இல் இன்னொரு சட்டம்: வீட்டாரைத் தவிர ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடி வேறு முறையில் ஜெபித்தால் குற்றம். அடுத்த வீட்டுக்காரர் ஐந்தாவதாக உள்ளே வந்தால் போச்சு!

அதற்கும் முன்பே, 1660லேயே, பெட்ஃபர்ட் வட்டாரத்தில் பிரசங்கம் செய்துவந்த ஜான் பன்யனைப் பிடித்துவிட்டார்கள். ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி. “இனிப் பிரசங்கம் செய்யமாட்டேன்” என்றால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் ஜெயில். மூத்த பெண்ணுக்குக் கண் தெரியாது. ஜெயிலில் உட்கார்ந்து நாடா செய்து விற்றுக் குடும்பத்துக்குக் கொடுத்தார் மனுஷர். அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம், உனக்குப் பிடிக்கும் ஒன்று. 1675 டிசம்பரில் காபிக் கடைகளில் அரசியல் பேசுகிறார்கள் என்று மூடச் சொன்னான் ராஜா. அடுத்த மாதமே வாபஸ்.

தைக்கு வா. காபி போட்டு வைக்கிறேன். இந்தத் தடவை நீ ராஜா கட்சி.

அன்புடன்,
ராமு