நேற்று சுப்ரமணியபுரம் பார்த்தேன்

அன்புள்ள சரவணா,

இங்கே நலம். மாடி ஒழுகலை அடைத்தாச்சு. நேரத்துக்குச் சாப்பிடு.

நேற்று ராத்திரி டிவியில் சுப்ரமணியபுரம் போட்டான். 2008ல் நீயும் பாலாவும்தான் என்னைத் தியேட்டருக்கு இழுத்துக்கொண்டு போனீர்கள். 1980 மதுரையை சசிகுமார் அப்படியே எடுத்திருந்தார். பெல்பாட்டம், தாடி, முரட்டுக்காளைக்குத் தியேட்டரில் நடக்கிற ஆட்டம் எல்லாம் நான் கண்ணால் பார்த்தது. ‘கண்கள் இரண்டால்’ பாட்டுக்கு நீங்கள் இரண்டு பேரும் அடித்த விசில் இன்னும் காதில் இருக்கிறது.

நேற்று எனக்குப் பாட்டு ஏறவில்லை. அந்தச் சிநேகிதர்களில் ஒருத்தனான காசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அவர்களை ஏவிவிட்ட கனகுவைத் திட்டுவார்கள், காதலித்தவனையே மாட்டிவிட்ட துளசியைத் திட்டுவார்கள். கனகு பதவிக்கு அலைகிறவன், காரியம் முடிந்தால் கைவிடத்தான் செய்வான். காசி கூடவே தின்று கூடவே திரிந்தவனப்பா, அவன் பணத்துக்காகப் பரமனைக் காட்டிக்கொடுக்கிறான். 28 வருஷம் கழித்து காசி ஜெயிலை விட்டு வந்ததும் வாசலிலேயே குத்து விழுகிறது, படமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நீயும் பாலாவும் சேர்ந்து போட்ட கடையின் கணக்கை நான் கேட்கவில்லை. அது உங்கள் விஷயம். கடன் இல்லாமல் கடையை நிமிர்த்தினாய் என்று தெருவில் பேசும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் போர்டில் ஒரு பேர்தான் இருக்கிறது என்பதை வெளியாள் சொல்லியா எனக்குத் தெரிய வேண்டும்? பாலாவுக்கு ஒரு போன் போடு.

சுந்தரம் சித்தப்பா நம் வீட்டுக்கு ஏன் வருவதில்லை என்று நீ சின்னதில் கேட்பாய், நான் மேலூர் நிலத் தகராறு என்பேன். நிலமெல்லாம் இல்லை. 83ல் ஒரு அடிதடி, நானும் கூட நின்றேன். போலீஸ் அவனை மட்டும் தேடியது. ராத்திரி வந்து கதவைத் தட்டினான். நான் இல்லை என்று சொல்லும்படி அப்பத்தாவிடம் கையைக் காட்டினேன். அவனும் சரி பெரியம்மா என்று சொல்லிவிட்டு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். செயின் மட்கார்டில் உரசுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. என் சைக்கிள் திண்ணையில்தான் நின்றது, சரவணா. அவன் அதைப் பார்த்திருப்பான்.

உங்கம்மாவுக்கே இது தெரியாது.

முதலில் போன் போடு, கணக்கை அப்புறம் பேசிக்கொள்ளலாம். போன வாரம் பாலாவின் அம்மா குழம்பு கொடுத்தனுப்பிய தூக்குவாளி இங்கேயே இருக்கிறது. வெறும் வாளியாகக் கொடுக்கக் கூடாது, என்ன போட்டுக் கொடுக்க என்று உங்கம்மா கேட்கிறாள்.

அப்பா