சித்தூர்ப் புழையோரச் சைக்கிள் வழி: புதிய சாலை வேண்டாம், கைகாட்டிப் பலகை வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை பிறந்து பாலக்காட்டுக் கணவாயில் கீழ்காற்று வீசத் தொடங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமைதோறும் பொள்ளாச்சி, கோவைப் பக்கத்துச் சைக்கிள்காரர்கள் மீனாட்சிபுரம் வழியாகவும் கோபாலபுரம் வழியாகவும் பாலக்காடு மாவட்டத்திலுள்ள எங்கள் சித்தூர் வட்டத்துக்குள் வருகிறார்கள். கியர் சைக்கிளும் தலைக்கவசமுமாக வரும் இளைஞர்களோடு, பின் கேரியரில் மூட்டை கட்டி இரண்டு மூன்று நாள் பயணமாகப் புறப்பட்ட நடுவயதுக்காரர்களையும் இப்போது பார்க்க முடிகிறது. டீக்கடையில் நின்று இவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: கல்பாத்திக்கு லாரி வராத வழி உண்டா? உண்டு என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைச் சொல்லிப் புரியவைப்பது எளிதன்று. கைப்பேசி காட்டும் வழியோ இவர்களை வண்டித்தாவளம், தத்தமங்கலம் பெருஞ்சாலையிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. விடியற்காலையில் சித்தூர்த் தோப்புகளிலிருந்து தெற்கு மாவட்டங்களுக்குக் கள் ஏற்றிப் பறக்கும் வண்டிகளை அறிந்தவர்கள் யாரும் தம் பிள்ளையை அந்நேரத்தில் அச்சாலையில் சைக்கிளில் அனுப்பமாட்டார்கள்.

அப்பெருஞ்சாலைக்குக் கூப்பிடு தூரத்தில், கால்வாய்க் கரைகளிலும், சித்தூர்ப் புழை என்று நாங்கள் சொல்லும் ஆற்றோர ஊர்ச்சாலைகளிலும், ஒரு நல்ல சைக்கிள் வழி துண்டு துண்டாக ஏற்கெனவே கிடக்கிறது. மாவட்டச் சுற்றுலாத் துறையும் நீர்ப்பாசனத் துறையும் ஊராட்சிகளும் சேர்ந்து அத்துண்டுகளை ஒரே வழியாக அடையாளப்படுத்த வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். புதிதாகச் சாலை போடும்படி நான் கேட்கவில்லை.

ஆனைமலையிலிருந்து வரும் ஆழியாற்று நீர் மணக்கடவு அணையைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்து மூலத்தறையை அடைகிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் சித்தூர்ப் பாசனத்துக்கு அளக்கப்படுகிறது. மூலத்தறையிலிருந்து கால்வாய்கள் பிரிகின்றன. அவற்றின் கரைமேல் போகும் சாலைகளில் ஒரு டிராக்டர் வந்தால் சைக்கிள்காரர் இறங்கி ஒதுங்கத்தான் வேண்டும், அவ்வளவுதான் அகலம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் நெல் வயல், வரப்பு நெடுகக் கரும்பனை. மதகு திறந்திருக்கும் வாரத்தில் போனால் கால்வாயின் சலசலப்பு கூடவே வரும். அடைத்திருக்கும் வாரத்தில் போனால் புழையில் பாறையும் நாணலும்தான் கண்ணில் படும். எது வாய்க்கும் என்பது வருகிறவர்களின் அதிர்ஷ்டம்.

மூலத்தறையிலிருந்து சித்தூர், கொடும்பு, திருவாலத்தூர் வழியாகப் பறளி வரை, சுற்றிச் சுற்றிப் போனாலும் 50 கிலோமீட்டர் அளவுதான் வரும். பறளியில் சித்தூர்ப் புழை கல்பாத்திப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகிறது. சித்தூரில் புழையை ஒட்டிய தெக்கே கிராமத்தில் மலையாளக் கவி எழுத்தச்சனின் குருமடம் இருக்கிறது. இங்கே இப்புழைக்குச் சோகநாசினி என்று பெயர் சூட்டியவர் அவரே என்பது மரபு. சித்தூர் பகவதி கோயிலில் ஆண்டுதோறும் மாசியையொட்டி நடக்கும் கொங்கன்படைத் திருவிழா, கொங்குநாட்டிலிருந்து படையெடுத்து வந்தவர்களைத் துரத்தியடித்ததைக் கொண்டாடுவது. ஞாயிறுதோறும் வரும் கொங்குநாட்டுச் சைக்கிள் படை இதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது. இந்தப் படையை யாரும் துரத்தமாட்டார்கள், சம்பாரம் என்னும் மோர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். கொடும்பில் செங்குந்தர்கள் எழுப்பிய சுப்பிரமணியர் கோயிலின் தெருவில் நிற்பவர்களுக்குத் தாம் ஈரோட்டுப் பக்கம் ஏதோ ஓர் ஊருக்கு வந்துவிட்டோமோ என்ற ஐயம் எழும். சற்றுத் தள்ளிப் பெருவெம்பில் மத்தளத்துக்கும் மிருதங்கத்துக்கும் தோல் வார் இழுத்துக் கட்டுகிறார்கள். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது இவர்கள் கைத்திறத்தால்தான். வடக்கே ஒரு கிளை வழியில் கல்பாத்தி. அங்குள்ள விசுவநாதர் கோயில் 1425ஆம் ஆண்டில் எழுந்தது என்பர்; “காசியில் பாதி கல்பாத்தி” என்பது வழக்கு. ஐப்பசிக் கடைசியில் தேர் ஓடும் நாட்களில் மட்டும் அத்தெருவுக்குச் சைக்கிளில் போக நினைக்க வேண்டாம்; நடக்கவே இடம் இருக்காது. பறளிக்கு அப்பால், கோட்டாயிக்கு அருகில், கர்நாடக இசைப் பாடகர் வைத்தியநாத பாகவதரின் ஊரான செம்பை இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு 1947க்கு முன் இவ்வழியே சைக்கிள் மிதித்த ஒருவர், கோயமுத்தூர் ஜில்லாவில் புறப்பட்டு, கொச்சி மகாராஜாவின் சித்தூர்த் தாலுகாவைக் கடந்து, மீண்டும் ஆங்கிலேயரின் மலபார் ஜில்லாவுக்குள் நுழைந்திருப்பார். சமஸ்தானத்தின் மற்றப் பகுதிகளை விட்டு விலகிக் கிழக்கே கிடந்த துண்டு எங்கள் ஊர்ப்பக்கம். 1956இல் எல்லாம் கேரளம் ஆயிற்று. ஆனால் களத்து வீட்டின் அமைப்பிலும், பேச்சிலும், கோயில் கணக்கிலும் பழைய எல்லைகள் இன்னும் தெரியும். காரில் போகிறவர்கள் கண்ணில் இது படாது. மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்குத்தான் ஊருக்கு ஊர் பேச்சு மாறுவது காதில் விழும்.

இனி, வேண்டியது என்ன? பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளும் சைக்கிள் வழியை உலகம் முழுவதும் மெச்சுகிறார்கள். அதில் பெரும்பகுதி, போக்குவரத்து குறைந்த பழைய ஊர்ச்சாலைகளும் வெள்ளத் தடுப்புக் கரைகளும்தான்; ஒவ்வொரு பிரிவிலும் தவறாமல் நட்ட கைகாட்டிகளே அவற்றை ஒரு வழியாக்கின. எங்களிடம் கரை இருக்கிறது, சாலை இருக்கிறது, கைகாட்டிதான் இல்லை. கால்வாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் எந்தக் கரை சித்தூருக்குப் போகிறது, எது ஒரு களத்து முற்றத்தில் போய் முடிகிறது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

பலகைக்கு முன்பாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்றுண்டு. சென்ற தை மாதம் விடியற்காலையில் கால்வாய்க் கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். குழாய் பதிக்கச் சாலையைக் குறுக்கே வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருந்தார் ஒப்பந்தக்காரர். ஒரு செங்கொடியோ நாலு கல்லோ வைத்திருக்கவில்லை. பனியில் நனைந்த அந்த மண்ணில் முன்சக்கரம் பாதி புதைந்து நின்றது; நான் கைப்பிடியைத் தாண்டிப் போய் விழுந்தேன். சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு பஞ்சர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் ட்யூபைக் கழற்றிக் காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் சுற்றிச் சுற்றி அமுக்கிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. பிறகு ரிம்மைத் தூக்கிச் சுழற்றிவிட்டார். அது பிரேக் கட்டையில் சுற்றுக்கு ஒருமுறை இடித்தது. “மாஷே, டியூப்புக்கு ஒண்ணும் இல்ல, ரிம்முதான் கோணிப்போச்சு. முட்டிய மொதல்ல பாருங்க, ரத்தம் வருது” என்றார். (முப்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன் நான், ஆனாலும் இந்த ஊரில் எனக்கு மலையாளத்தில் மாஷ் என்றுதான் பெயர்.) அந்தக் குழியைப் பின்னர் மூடினார்கள். அதற்கு மழை வரவேண்டியிருந்தது. சாலையை வெட்டுகிறவரே அதைப் பழையபடி ஆக்கித் தரும்வரை, பல லட்சம் செலவில் வழி திறந்தாலும் பயனில்லை.

பலகைகளில் மலையாளத்தோடு தமிழும் இருக்க வேண்டும். வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வழியில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தியாம்பதிப் பக்கம் குடியிருப்பவர்களிலும் பெரும்பாலோர் தமிழர்கள். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுக்கு எழுத இடம் வைத்திருக்கிறார்கள், அப்படியிருக்க, ஒரு கைகாட்டியில் “கொடும்பு 3 கி.மீ.” என்று தமிழில் எழுதுவதை யாரும் ஆட்சேபிக்க இடமில்லை.

தங்குவதற்கும் இளைப்பாறுவதற்கும் புதுக்கட்டடம் எதுவும் வேண்டாம். எங்கள் ஊர்களில் வாசகசாலைகள் இருக்கின்றன. வாசலில் ஒரு குடிநீர்க் குழாய், பெண்கள் தயக்கமின்றிப் பயன்படுத்தக்கூடிய பூட்டுப்போட்ட ஒரு கழிப்பறை, சுவரில் காற்றடிக்கும் பம்பு, அருகிலுள்ள பஞ்சர்க் கடைக்காரரின் எண் எழுதிய ஒரு தாள், இவ்வளவே போதும். நுங்கும் தெளுவு என்னும் பதநீரும் கிடைக்கும் பருவத்தில் அதையும் அங்கேயே விற்கலாம். பனையேறிகளுக்கு இரண்டு காசு சேரும்.

சுற்றுலா என்றாலே ஊர் கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்களின் அச்சம் எனக்கும் உண்டு. கொல்லங்கோட்டுப் பக்கம் வயல் படங்கள் கைப்பேசியில் பரவிய பிறகு, வரப்போரச் சாலைகளில் கார்கள் வரிசையாக நின்றதையும், படம் எடுக்க நாற்றில் கால் வைத்தவர்களையும் விவசாயிகள் சகித்துக்கொண்டார்கள். ஆகவேதான் அகலப்படுத்தக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். கரைச்சாலை குறுகலாக இருக்கும்வரை கார் வராது. அகலப்படுத்தினால் முதலில் வருவது சைக்கிளாக இராது. மண் லாரியாகவே இருக்கும். வழியில் குறுக்குக்கல் நட்டுவிடலாம் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியாகாது, அறுவடை இயந்திரமும் டிராக்டரும் அவ்வழியேதான் வயலுக்கு இறங்க வேண்டும். டிப்பர் லாரிக்கு மட்டும் தடை போட்டு அதைக் காவல்துறை நிறைவேற்றினால் போதும்.

இறுதியாகக் காற்றைப் பற்றியும் ரயிலைப் பற்றியும். ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இக்கணவாயில் மார்கழி, தையில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே தள்ளும்; ஆறும் அத்திசையிலேயே ஓடுகிறது, நிலமும் அத்திசையிலேயே தாழ்கிறது. மூலத்தறையில் ஏறிக் குந்தினால் பறளி வரை மிதிக்காமலே போய்விடலாம் என்று வேடிக்கையாகச் சொல்வோம். திரும்பி வருவதுதான் பாடு. அதே காற்று அப்போது நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். தென்மேற்குப் பருவத்தில் எல்லாம் தலைகீழ். பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதை அகலப்பாதையாகி 2015இல் மறுபடியும் திறந்தது. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை, மீனாட்சிபுரம் எல்லாம் அதில் வரும் நிலையங்கள். ஞாயிறு மாலையில் இப்பாதையில் ஒரு பயணிகள் ரயில் ஓடி, அதில் பத்துச் சைக்கிளை நிறுத்த இடமும் சிறு கட்டணமும் இருந்தால், காலையில் காற்றோடு போனவர்கள் மாலையில் அலுப்பின்றித் திரும்புவார்கள். இதை ரயில்வே அதிகாரிகள் கவனிக்க வேண்டுகிறேன். கைகாட்டிகளில் முதலாவதை, மூலத்தறையில் கால்வாய் பிரியும் இடத்தில், வரும் தை மாதத்துக்குள் நட்டுவிட்டால்கூடப் போதும். எங்கள் டீக்கடைக்காரருக்கு ஞாயிறுதோறும் வழி சொல்லும் வேலை குறையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.