வேட்கைக் காலத்தைக் கணக்கிட்டுக் கருத்தடை முகாம்களை நடத்துங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்தின் மாநகர, நகர, பிரதேச சபைகளின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

கட்டாக்காலி நாய்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் தெருவில் நிற்கும் நாய்களையே நாம் எண்ணுகிறோம். அவற்றுட் பல எங்கள் வளவுகளிற் பிறந்து படலைக்கு வெளியே விடப்பட்டவை என்பதையும், பெட்டை நாயின் இனச்சேர்க்கைப் பருவமான வேட்கைக் காலத்தை வீட்டார் பிழையாகக் கணக்கிடுவது அதற்கொரு முக்கிய காரணம் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

பெட்டை நாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாத வயதுக்குள் முதன்முறை வேட்கைக்கு வரும். முதல் வேட்கையிலேயே கருத்தரிக்கவும் கூடும். பின்னர் 6, 7 மாதங்களுக்கு ஒருமுறை இரண்டு மூன்று கிழமை இது நீடிக்கும். முதல் 9 நாளளவில் இரத்தம் கசியும். கடுவன்கள் வேலியைச் சுற்றி வந்தாலும் அது கிட்ட அண்டவிடாது. வீட்டார் அதைக் கட்டிவைப்பது இந்நாட்களில்தான். பிறகு விறாந்தைச் சீமெந்தில் சொட்டும் சிவப்பு வெளிறி வைக்கோல் நிறமாகும்போது, எல்லாம் முடிந்ததென்று சங்கிலியைக் கழற்றிவிடுகிறார்கள். கருத்தரிக்கும் நாட்களோ அப்போதுதான் தொடங்குகின்றன. இடுப்பைத் தொட்டதும் வாலை ஒருபக்கம் ஒதுக்கி நிற்பதே அதற்கு அடையாளம். ஏறத்தாழ 63 நாளில் குட்டிகள் பிறக்கும். கடுவன் குட்டிகளைக் கேட்டு வருவோர் உண்டு. பெட்டைக் குட்டிகள் சாக்கோடு சந்தை வாசலுக்குப் போவதை அறிந்தும் அறியாதவர்கள் போலவே நாம் இருக்கிறோம்.

வேட்கையின்போது கருப்பைக்குக் குருதியோட்டம் கூடுவதால் கருத்தடைச் சத்திரசிகிச்சையில் இரத்தப்பெருக்கு ஏற்படும் ஆபத்து அதிகம். எனவே வேட்கை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொண்டுவருமாறு கால்நடை வைத்தியர்கள் சொல்வது வழக்கம். ஆண்டுக்கொரு நாள், அதுவும் முதல்நாள் ஒலிபெருக்கியில் அறிவித்து நடத்தும் முகாமினால், அன்று வேட்கையில் இருக்கும் நாய்க்கு ஒரு பயனும் இல்லை. அடுத்த முகாமுக்கு முன் அது குட்டி போட்டுவிடும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் முகாம் அமையவும், ஆண்டுத் தொடக்கத்திலேயே திகதிகள் அறிவிக்கப்படவும், விசர்நாய்த் தடுப்பூசி அட்டையில் வேட்கை தொடங்கிய திகதியைக் குறிக்க ஓர் இடம் விடப்படவும் ஆவன செய்யுங்கள்.

செலவு குறைவென்று கருத்தடை ஊசியை இதற்கு மாற்றாக்க வேண்டாம். அந்த ஊசியிலுள்ள ஹோர்மோன் கருப்பையிற் சீழ் கட்டுவதற்கும் முலைக்கட்டிக்கும் வழிவகுக்கும். வேட்கை கழிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால், அது கருப்பையிற் சீழ் கட்டியதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், அன்றே வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதையும் உங்கள் துண்டுப்பிரசுரங்களிற் சேர்க்கலாம்.

அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் இம்முகாம்களுக்கெனத் தனியே நிதி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நல்லூர் வரியிறுப்பாளர் ஒருவர்