அனுப்பிவிடாதே, கொஞ்சம் பொறு

அன்புள்ள கவிராயனுக்கு,

நலம்தானே? இங்கே எல்லாரும் சௌக்கியம். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆடிட்டர் இன்னும் அதே பழைய பொய்யைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். மற்ற குசலமெல்லாம் போனில் வைத்துக்கொள்வோம். நாவலை அடுத்த வாரம் பதிப்பகத்துக்கு அனுப்பப் போகிறாய் என்று தாடிக்காரர் சொன்னார். அனுப்பாதே. இதைப் படித்துவிட்டு அப்புறம் உன் இஷ்டம்.

என்ன நடந்தது என்றால், என் நாவலை ஒரு எடிட்டரிடம் கொடுத்திருந்தேன். காசு கொடுத்துத்தான். "படிப்பதற்குக் காசு கொடுத்த முதல் எழுத்தாளன்" என்று நீ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு போவாய், போ. அவருடைய அறிக்கை வந்துவிட்டது. முதல் பக்கத்தில் நல்ல வார்த்தைகள். மனுஷன் நாகரிகமானவர், அடிப்பதற்கு முன்னால் உட்கார வைக்கிறார். இரண்டாம் பக்கத்தின் முதல் வரியே "நாவல் நான்காம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது". முதல் மூன்று அத்தியாயங்கள் எவை என்று உனக்குத் தெரியும், படித்துவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை என்று நீ சொன்னாயே, அவைதான்.

அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை. மறுநாள் மறுபடி எடுத்துப் பார்த்தேன். அண்ணி கதாபாத்திரம் கர்ப்பமாக இருக்கிறாளே, நான் கொடுத்த மாதக் கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அவள் பதினாலு மாதம் சுமந்திருக்கிறாள்! ஓரத்தில் "யானைகூட இன்னும் சில மாதம்தான் அதிகம் எடுத்துக்கொள்ளும்" என்று எழுதியிருக்கிறார். அத்தியாயம் முடிகிற இடமெல்லாம் யாராவது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன வட்டம். அப்பா சாகிற அத்தியாயம் இருக்கிறதே, நான் அழுதுகொண்டே எழுதியது, அதன் பக்கத்தில் இவ்வளவுதான்: "இவர் உயிரோடு இருக்கும்போது எனக்கு அறிமுகமே ஆகவில்லை. எப்படி அழுவேன்?" இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? அப்பா என் தலைக்குள் பேசினார், நடந்தார், கோபப்பட்டார், காகிதத்தில் ஒன்றுமே செய்யவில்லை. நீயும் தாடிக்காரரும் இதைக் கவனிக்காததில் ஆச்சரியமில்லை. உங்களுக்கு என் நிஜ அப்பாவைத் தெரியும், இட்டு நிரப்பிக்கொண்டீர்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்த வசதி கிடையாது. பதிப்பகத்தில் படிக்கப் போகிறவருக்கும் கிடையாது.

இனி உன் விஷயம். பிழை திருத்திக் கொடுக்க ஒருவரைப் பிடித்திருக்கிறாயாமே. ஒற்றும் சந்தியும் பார்ப்பது கடைசி வேலைடா. வீட்டுக்கு அஸ்திவாரம் சரியா என்று பார்க்காமல் சுண்ணாம்பு அடிக்கிற கதை. முதலில் கதை நிற்கிறதா, எங்கே தொய்கிறது, யார் வேண்டாத ஆள் என்று முழுப் பிரதியையும் படித்துச் சொல்லுகிற மதிப்பீடு. அதை வைத்துக்கொண்டு நீ திருப்பி எழுத வேண்டும். அதற்கப்புறம்தான் வரி வரியாக மொழி பார்ப்பது, எல்லாம் முடிந்த பிறகு மெய்ப்பு, அதாவது எழுத்துப்பிழை பார்ப்பது. தலைகீழாகச் செய்தால், பார்த்துப் பார்த்துக் கால்புள்ளி வைத்த பத்தியை மறுவாரமே வெட்டி எறிவாய்.

"எடிட்டிங் பதிப்பகத்தின் வேலை, நான் எதற்குச் செலவு செய்ய வேண்டும்?" என்பாய். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீயை இழுத்துக்கொண்டு வருவாய் என்றும் தெரியும், எல்லாக் கூட்டத்திலும் அதைத்தானே சொல்லுகிறாய். வாஸ்தவம்தான். 1957-ல் அந்தம்மாவின் கைப்பிரதி பதிப்பகத்தில் டே ஹோஹாஃப் என்கிற எடிட்டரிடம் போயிற்று, இரண்டு வருஷத்துக்கும் மேலாக எழுத வைத்து எழுத வைத்து 1960-ல் வேறொரு நாவலாகவே வந்தது. அந்தப் பழைய வடிவம் 2015-ல் தனிப் புத்தகமாக வந்தபோது, எந்தப் பாதையில் அது மாறியது என்று எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் கரடுமுரடான ஒரு பிரதிக்குள் நாவல் ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதோடு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்க இன்று எத்தனை பதிப்பகத்துக்கு ஆளும் நேரமும் இருக்கிறது? சில பக்கம் புரட்டுவார்கள், பிடித்தால் மேலே, இல்லாவிட்டால் "எங்கள் பட்டியலுக்குப் பொருந்தவில்லை" என்று இரண்டு வரி. ஏன் பொருந்தவில்லை என்று சொல்ல மாட்டார்கள். திருத்தி மறுபடி அனுப்பினால் அதே இடத்தில் இரண்டாம் தடவை படிப்பது அபூர்வம்.

இப்போது எனக்கே இருக்கிற பயத்தைச் சொல்லுகிறேன், இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எவ்வளவு கேட்பது? கேட்டுக்கொண்டே போனால் கடைசியில் புத்தகம் யாருடையது? அமெரிக்கச் சிறுகதை எழுத்தாளர் ரேமண்ட் கார்வருக்கு நடந்தது உனக்குத் தெரியும். அவருடைய எடிட்டர் கார்டன் லிஷ், ஒரு தொகுப்பில் சில கதைகளைப் பாதிக்கு மேல் வெட்டிவிட்டார். 1980 ஜூலையில் கார்வர், புத்தகத்தை நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சி ஒரு கடிதம் எழுதினார். அப்படியும் வெட்டிய வடிவமே 1981-ல் வந்தது, அதுதான் அவருக்குப் பெரும் பேரையும் வாங்கிக் கொடுத்தது. வெட்டாத வடிவம் வந்தது 2009-ல், அவர் இறந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு. எது அவருடைய புத்தகம் என்று இன்னும் சண்டை போடுகிறார்கள். இதை நினைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி புரண்டு புரண்டு படுத்தேன்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. லிஷ் பதிப்பகத்தின் ஆள். அவர் கையில் அச்சகம் இருந்தது, கார்வர் கையில் கடிதம் மட்டும்தான். என் எடிட்டர் கையில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. நான் அறிக்கையை மடித்து அலமாரியில் போட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒப்பந்தம், அட்டை, தேதி என்று எதுவும் வராத இந்த நேரத்தில்தான் எதை வேண்டுமானாலும் கேட்டுக்கொண்டு எதை வேண்டுமானாலும் மறுக்கலாம். கையெழுத்துப் போட்டபின் வருகிற யோசனைக்குக் கனம் வேறு.

மறுத்தும் இருக்கிறேன். நாவலில் வருகிற மாமாவைத் தூக்கிவிடச் சொன்னார் என் எடிட்டர். இரண்டு நாள் அவரைத் திட்டிவிட்டு, பிறகு அந்தப் பக்கங்களைப் படித்தேன். அவருக்கு அங்கே சலித்தது நியாயம்தான், ஆனால் காரணம் மாமா இல்லை. அந்த ஆள் இருநூறாம் பக்கத்தில் திடீரென்று வந்து குடும்ப ரகசியத்தையெல்லாம் சொல்லுகிறான், நமக்கு அவன்மேல் நம்பிக்கை எப்படி வரும்? இப்போது அவனை இரண்டாம் அத்தியாயத்துக்கே கூட்டி வந்துவிட்டேன், வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருக்கிறான். வலிக்கிற இடத்தை அவர் சரியாகத்தான் காட்டினார், மருந்தைத்தான் நான் மாற்றிக்கொண்டேன். ஆனால் அவர் காட்டியிருக்காவிட்டால் தொட்டே பார்த்திருக்க மாட்டேன்.

ஆள் பிடிக்கும்போது ஜாக்கிரதை. நாலைந்து பக்கம் கொடுத்து மாதிரிக்குப் பார்த்துத் தரச் சொல், உன் நடையை அவர் நடையாக மாற்றிவிடுகிறாரா என்று அதிலேயே தெரிந்துவிடும். உன் வகை நாவல்களைப் படிக்கிறவரா என்று கேள். துப்பறியும் கதை பார்க்கிறவரிடம் உன்னுடைய வம்சக் கதையைக் கொடுத்தால் ஐம்பதாம் பக்கத்தில் பிணம் கேட்பார். என்ன தருவார், எப்போது தருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள். "பதிப்பகத்தில் எனக்கு ஆள் இருக்கிறது, நிச்சயம் போட்டுவிடுவார்கள்" என்று ஆரம்பிக்கிறவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. நல்ல எடிட்டர் யாரும் அந்த உத்தரவாதம் தருவதில்லை. திருத்த ஆரம்பிக்குமுன் மூலக் கோப்பை வேறு பெயரில் பத்திரமாக வைத்துக்கொள், உன் கம்ப்யூட்டர் லட்சணம் எனக்குத் தெரியும்.

சரி, வேண்டுமென்றால் அவர் விலாசம் அனுப்புகிறேன். இப்போது கையில் வேலை இருக்கிறதாம், அடுத்த மாதம்தான் எடுப்பார். அதற்குள் கதைச் சுருக்கம் ஒரு பக்கத்தில் எழுதி வை, பதிப்பகத்துக்கும் எப்படியும் வேண்டும். எழுத வரவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணு, எங்கே மாட்டுகிறது என்று பார்ப்போம். தாடிக்காரரிடம் பதினாலு மாத விஷயத்தை மட்டும் தயவுசெய்து சொல்லித் தொலைக்காதே.

உன்,
பழைய அறைத்தோழன்